கழுத்துக் கயிறும் காப்புரிமையும்

தஞ்சை ஜில்லாவில், கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்குப் போகும் ரஸ்தாவில் திருப்பனந்தாள் என்று ஓர் ஊர் இருப்பதும், அங்கே காசி மடம் என்கின்ற பெரிய மடமும் செஞ்சடையப்பர் கோயிலும் இருப்பதும் நமது வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்த விஷயமாகும். அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. தாடகை என்ற ஒரு பெண் தினமும் சாமிக்கு மாலை சாத்திவந்தாளாம். ஒரு நாள் மாலையைத் தூக்கும்போது சேலை நழுவிற்றாம். இரண்டு கையிலும் மாலை இருந்தபடியால் முழங்கையால் சேலையை இடுக்கிக்கொண்டு அவள் தவிக்க, லிங்கமே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டதாம். சாய்ந்த லிங்கம் பிறகு நிமிரவே இல்லையாம். சோழ ராஜா யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தும் அசையவில்லையாம். கடைசியாகத் திருக்கடவூரிலிருந்து குங்கிலியக் கலய நாயனார் என்பவர் வந்து, லிங்கத்தில் கட்டிய கயிற்றின் மறு முனையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு இழுத்தாராம், லிங்கம் நிமிர்ந்துவிட்டதாம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் செய்த பெரியபுராணத்தில் இந்த நாயனார் கதை இருக்கின்றது.

இது நடந்ததா, நடக்கவில்லையா என்று விவகாரம் செய்ய நாம் இன்று வரவில்லை. வாதத்திற்காக நடந்ததென்றே வைத்துக்கொள்ளுவோம். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: எப்படி நடந்தது? யானைகளால் ஆகாத காரியம் ஒரு மனிதன் கழுத்தால் ஆனதென்றால், அதற்கு ஒரு முறை இருந்திருக்க வேண்டும். கயிறு எத்தனை முழம், எந்தப் பக்கம் கட்டினார், எந்தப் பக்கம் நின்று இழுத்தார், இன்னொருவர் அதே மாதிரி செய்தால் அதே பலன் வருமா என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை. அதற்குப் பிறகு இத்தனை நூற்றாண்டுகளில் இந்த நாட்டில் எத்தனை தேர் சேற்றில் புதைந்திருக்கும், எத்தனை தூண் சாய்ந்திருக்கும், எத்தனை வண்டி வாய்க்காலில் கவிழ்ந்திருக்கும்! ஒன்றையாவது யாராவது கழுத்துக் கயிறு கொண்டு தூக்கியதுண்டா? இன்றைக்கு எந்தக் கோயிலிலே கொடிமரம் நட்டாலும், கோபுரத்துக்குக் கல் ஏற்றினாலும், பக்தர்கள் கழுத்தை நீட்டுவதில்லை. கிரேன் இயந்திரத்துக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள்.

ஏன்? கிரேன் செய்தவன் எப்படிச் செய்தான் என்பதை எழுதி வைத்துவிட்டான். அதைப் படித்து இன்னொருவன் அதைவிட நல்லதாகச் செய்தான். நாயனார் காரியத்தில் அப்படி எழுதி வைக்க ஒன்றுமில்லை. அற்புதம் என்றால் என்ன என்று யாராவது நம்மைக் கேட்டால், "எப்படி என்று கேட்கக் கூடாத காரியம்" என்றுதான் சொல்லுவோம்.

இதற்கு நேர் எதிரான சங்கதி ஒன்று உலகத்தில் இருக்கின்றது. அதைத்தான் காப்புரிமை என்றும் பேடண்ட் என்றும் சொல்லுகிறார்கள். இதைப் பற்றி நமது மக்களுக்குள் ஒரு தப்பபிப்பிராயம் இருக்கின்றது. பேடண்ட் என்றால் ஒருவன் தன் யுக்தியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளுவது என்று நினைக்கிறார்கள். விஷயம் முற்றிலும் தலைகீழானது. பேடண்ட் என்ற வார்த்தையின் மூலமான லத்தீன் சொல்லுக்கே "திறந்திருப்பது" என்றுதான் அர்த்தம். அந்தக் காலத்து ராஜாக்கள், யாரும் பார்க்கும்படி மடித்து ஒட்டாமல் கொடுத்த திறந்த கடிதத்திலிருந்து வந்த பெயர் அது.

சட்டம் சொல்லுவது இதுதான்: நீ புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாயா? நல்லது. அது என்ன, எப்படி வேலை செய்கின்றது, அதைச் செய்ய உனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி எது என்பதை, அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவன் படித்தால் தானே செய்யும்படி ஒளிவு மறைவின்றி எழுதிக் கொடு. அதை ஊரறியப் பிரசுரம் செய்வோம். அதற்குப் பிரதியாக, விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 20 வருஷத்திற்கு உன் அனுமதியில்லாமல் வேறொருவன் அதைச் செய்து விற்கக் கூடாது. 20 வருஷம் கழிந்தால் அது ஊர்ச் சொத்து. இந்திய நாட்டின் 1970ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டமும், பின்னால் 2005 வரை அதில் செய்த திருத்தங்களும் சொல்லுவதன் சாரம் இவ்வளவே. அந்தச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, முழுவதும் எழுதிக் கொடு என்கின்றது. 64ஆவது பிரிவு, முழுவதும் எழுதாமல் மறைத்திருந்தால் கொடுத்த உரிமையே ரத்தாகும் என்கின்றது.

தோழர்களே! இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கௌதம தர்ம சூத்திரம் என்று ஒரு பழைய சட்டம் இந்த நாட்டில் உண்டு. வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்டுவிட்டால் அந்தக் காதில் ஈயமும் அரக்கும் காய்ச்சி ஊற்று என்பது அதில் கண்ட விதி. ஆகவே இரண்டு சட்டங்கள் நம் முன்னே இருக்கின்றன. ஒன்று, அறிவைக் கேட்டவனைத் தண்டிக்கின்றது. மற்றொன்று, அறிவை மறைத்தவனைத் தண்டிக்கின்றது. எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த நாட்டில் ரயிலும் மின்சாரமும் கம்ப்யூட்டரும் பிறக்கும், எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த நாட்டில் கழுத்துக் கயிற்றுக் கதைகள் பிறக்கும் என்பதை நாம் விளக்க வேண்டுமா?

இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பேடண்ட் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, உண்மையாகவும் முதலாகவும் கண்டுபிடித்த எவரும் விண்ணப்பம் செய்யலாம். என்ன ஜாதி, என்ன கோத்திரம், ஆணா, பெண்ணா, பூணூல் உண்டா என்ற கேள்வி கிடையாது. அடுத்து, 3ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக மாறானது எதுவும் கண்டுபிடிப்பு ஆகாது என்கின்றது. எண்ணெயும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல் தானே என்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் என்று ஒருவன் விண்ணப்பம் போட்டால் அது அங்கே செல்லாது. அதே மாதிரி, கடலைக் குடித்த முனிவரும், மலையைத் தூக்கிய குரங்கும், கழுத்தால் லிங்கத்தை நிமிர்த்திய நாயனாரும் சென்னை கிண்டியில் உள்ள பேடண்ட் ஆபீசுக்குப் போனால் முதல் வாசற்படியிலேயே திரும்ப வேண்டியதுதான்.

நிற்க, இந்தியாவில் முதன்முதலாகப் பேடண்டுக்கு வந்த விண்ணப்பம் எதற்கு என்று தெரியுமா? 1856ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் இதற்கான முதல் சட்டம் வந்தது. மார்ச் மாதம் 3ஆம் தேதி கல்கத்தாவிலிருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற சிவில் இன்ஜினியர் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். பங்கா இழுப்பதற்குத் திறமையான ஓர் இயந்திரம் என்பது அந்த விண்ணப்பம். பங்கா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மோட்டில் தொங்கும் பெரிய விசிறிக்குக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றை ஒரு கூலியாள் வெளியே வெயிலில் குந்திக்கொண்டு இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே துரையும் ஜமீன்தாரும் காற்று வாங்குவார்கள். அவன் கண் அயர்ந்தால் உதைதான்.

கயிற்றை இழுத்த அந்த மனிதனுக்கு, இதற்கு ஒரு சக்கரம் வைத்தால் என்ன என்று தோன்றியிருக்காதா? நிச்சயமாகத் தோன்றியிருக்கும். ஆனால் அவனுக்கு எழுதத் தெரியாது, தெரியவிடவில்லை. எழுதத் தெரிந்தவனுக்கோ காற்று சும்மா வந்துகொண்டிருந்தது. அவன் ஏன் யோசிக்கப் போகிறான்? இந்த நாட்டில் கண்டுபிடிப்பு பிறக்காமல் போனதின் முழு ரகசியமும் அந்தப் பங்காக் கயிற்றில் இருக்கின்றது. கயிற்றின் ஒரு முனையில் கை. மறு முனையில் மூளை. இரண்டும் ஒருவரையொருவர் தொட்டால் தீட்டு என்று வைத்தது நமது வருணாசிரம தருமம். உளி பிடித்தவன் ஏடு பிடிக்கக் கூடாது. ஏடு பிடித்தவன் உளி பிடித்தால் ஜாதிக்குக் கேவலம். கொல்லனுக்கும் தச்சனுக்கும் கையில் இருந்த வித்தை அவன் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி, பிள்ளையில்லாத இடத்தில் செத்தும் போயிற்று. இப்படிப்பட்ட நாட்டில் நீராவி இயந்திரம் பிறக்கவில்லையே என்று ஆச்சரியப்படுகிறவன்தான் ஆச்சரியத்திற்குரியவன்.

"நம் முன்னோர்கள் முட்டாள்களா? கல்லணை கட்டவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். கட்டினார்கள். உழைத்தவர்களுடைய யுக்தியில் நமக்குச் சந்தேகமே கிடையாது. 1836இல் திருப்பனந்தாளுக்குப் பக்கத்திலே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டிய ஆர்தர் காட்டன் என்ற ஆங்கில இன்ஜினியர், ஆழம் காண முடியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த வித்தையை எழுதி வைத்த ஏடு எங்கே? மணலில் கல்லைப் போட்டு, கல்மேல் களிமண்ணைப் போட்டு நிறுத்திய அந்த மேஸ்திரியின் பெயர் என்ன? கரிகாலன் பெயர் தெரியும். மேஸ்திரி பெயர் தெரியாது. ராஜாவின் புகழைப் பாடப் புலவர்கள் இருந்தார்கள். அணை கட்டும் முறையை எழுத ஒருவரும் இல்லை. ஆகவேதான் நம் பாட்டன் கட்டிய அணையின் ரகசியத்தை ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஓர் ஆங்கிலேயன் தோண்டிப் பார்த்து நமக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

வயலுக்கு வாருங்கள். குறுவையும் சம்பாவும் தாளடியுமாகத் தஞ்சை ஜில்லாவில் நெல் விளைகின்றது. சேற்றில் காலை முதல் மாலை வரை முதுகை வளைத்து நாற்று நட்டவர்கள் யார்? பண்ணையாளின் பெண்டு பிள்ளைகள். அவர்களுக்கு முதுகு ஒடிந்தது, மிராசுதாருக்கு ஒடியவில்லை. ஒடிந்திருந்தால் அடுத்த வருஷமே ஏதாவது யுக்தி பிறந்திருக்கும். நம்மைப் போலவே அரிசி சாப்பிடுகிற ஜப்பான் தேசத்தில் 1898லேயே நாற்று நடும் இயந்திரத்துக்கு ஒருவர் பேடண்ட் எடுத்தார். அது செம்மைப்பட்டு வயலில் நன்றாக ஓடுவதற்கு இன்னும் அறுபது எழுபது வருஷமாயிற்று. அந்தக் காலமெல்லாம் அவர்கள் ஒருவர் செய்ததைப் படித்து இன்னொருவர் திருத்திக்கொண்டே இருந்தார்கள். நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் வருவதற்கே 1952 ஆகவேண்டியிருந்தது.

"இயந்திரம் வந்தால் நடவுப் பெண்களுக்குக் கூலி போய்விடாதா?" என்று ஒரு தோழர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். நாம் அதற்குச் சொல்லும் சமாதானம் என்னவென்றால், கூலியைப் பறிப்பது இயந்திரமல்ல. இயந்திரம் யாருடையது என்பதுதான். மிராசுதாரின் இயந்திரமானால் லாபம் அவர் வீட்டுக்குப் போகும். நடவுக்காரப் பெண்கள் பத்துப் பேர் கூடி வாங்கிய இயந்திரமானால் நிமிர்ந்த முதுகும் நின்ற கூலியும் அவர்களுக்கே ஆகும். ஆகையால் இயந்திரத்தை எதிர்த்துச் சண்டை போடுவதை விட்டு, அது நம் கைக்கு வருவதற்குச் சண்டை போடவேண்டும்.

இன்று ஒரு குடியானவன் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத காலத்தில் நாற்றங்காலைக் காப்பாற்றுகிற ஆயில் என்ஜின் எங்கிருந்து வந்தது? ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1892இல் பேடண்டுக்கு எழுதிக் கொடுத்து, 1897இல் நன்றாக ஓட்டிக் காட்டிய யுக்தியிலிருந்து. வயல் மோட்டாருக்கு வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர் 1954இல் செய்து காட்டி 1957இல் பேடண்ட் பெற்றதிலிருந்து. சட்டைப் பையில் இருக்கும் டெலிபோனுக்குள் இருப்பது என்ன? அதே கூடத்தில் 1947 டிசம்பரில் பிறந்த டிரான்சிஸ்டர். அதற்கு 1950இல் பேடண்ட் கிடைத்தது. பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கும் யுக்திக்கு நாய்ஸ் என்பவருக்கு 1961இலும் கில்பி என்பவருக்கு 1964இலும் கிடைத்தது. ஒருவர் எழுதி வைத்ததன் மேல் இன்னொருவர் ஏறி நின்ற படிக்கட்டு இது.

இதில் நம்மவர்களுக்குப் பங்கே இல்லையா என்றால் உண்டு. வங்காளத்து ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லா அலைகளை உணர்ந்து காட்டும் ஒரு கருவிக்கு 1904ஆம் வருஷம் மார்ச் 29ஆம் தேதி அமெரிக்கப் பேடண்ட் பெற்றார். டிரான்சிஸ்டருக்கு ஆதாரமான ஜாதிப் பொருளை வைத்து உலகத்தில் முதன்முதல் எடுத்த பேடண்டே அதுதான் என்று சொல்லுகிறார்கள். அவருக்குப் பேடண்டில் மனமே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியே எடுக்கச் செய்தார்கள்.

ஆனால் இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் செய்வது என்ன? ஆயுத பூஜையன்று ஆயில் என்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சரஸ்வதிக்குத் தேங்காய் உடைக்கிறோம். டீசல் பெயரைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. கம்ப்யூட்டரை வாங்கி அதில் ஜாதகம் கணிக்கிறோம். நொடிக்குக் கோடிக் கணக்குப் போடும் இயந்திரத்திடம் போய், செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணைக் கட்டலாமா என்று கேட்கிறோம். மனிதன் இயற்கையை நம்பிக் கணக்குப் போட்டுச் செய்த இயந்திரத்தை, கணக்கையே நம்பாதவனுக்குத் தரகனாக்கியது நமது நாட்டின் தனிப்பெருமை!

இதற்கு வைதீகர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கின்றது. "இதெல்லாம் எங்கள் சாஸ்திரத்தில் முன்பே இருக்கின்றது, புஷ்பக விமானம் இல்லையா?" என்பார்கள். வைமானிக சாஸ்திரம் என்ற ஒரு நூலை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். 1974இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அந்த நூலை எடுத்து அதில் சொன்னபடியே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதில் கண்ட விமானம் எதுவும் பறக்காது என்றும், அந்த நூலே 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்றும் முடிவு சொன்னார்கள். பாருங்கள், எப்படி என்று கேட்ட மாத்திரத்தில் விமானம் தரையில் விழுந்துவிட்டது!

இதற்கு மாறாக, உண்மையிலேயே நம்மிடம் இருந்த அறிவுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பாருங்கள். 1995இல் அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்துக்கு மஞ்சள் போடுவதற்குப் பேடண்ட் கொடுத்துவிட்டார்கள். நமது கிழவிகளெல்லாம் சிரித்திருப்பார்கள். ஆனால் சிரித்தால் பேடண்ட் போகுமா? இந்திய சர்க்காரின் விஞ்ஞான ஆராய்ச்சிச் சபை எதிர்த்து வாதாடிற்று. அவர்களுக்கு எது ஆதாரமாயிற்று? பழைய ஏடுகளும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகையில் அச்சான ஒரு கட்டுரையும்தான். 1997இல் அந்தப் பேடண்ட் ரத்தாயிற்று. எழுதிப் பிரசுரம் செய்தது நம்மைக் காப்பாற்றிற்று. "குரு சிஷ்யன் காதில் ஓதியது", "பரம ரகசியம்" என்று சொல்லி வைத்ததெல்லாம் அங்கே ஒரு காசுக்கு ஆகவில்லை.

அப்படியானால் பேடண்ட் முறையில் குற்றமே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. நாம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்களல்ல, சட்டத்தையும் கும்பிடமாட்டோம். நீராவி இயந்திரத்தைத் திருத்திய ஜேம்ஸ் வாட் 1769இல் பேடண்ட் எடுத்தார். பிறகு பார்லிமெண்டைப் பிடித்து அதை 1800 வரைக்கும் நீட்டிக்கொண்டார். அதுவரை வேறு யுக்தி செய்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அவர் பேடண்ட் தீர்ந்த பிறகே டிரெவிதிக் போன்றவர்களுக்குக் கை கால் விடுதலையாயிற்று. இன்றைக்கும் பெரிய முதலாளிக் கம்பெனிகள் பேடண்டைக் குவித்து வைத்துக்கொண்டு ஏழை நாடுகளை மிரட்டுவதைக் காண்கிறோம்.

ஆனால் இந்த வேலியில் திறக்கக் கூடிய கதவுகள் இருக்கின்றன. கணக்கும் கணக்குப் போடும் முறையும், வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமும் யாருக்கும் சொந்தமாகாது என்று நமது சட்டமே சொல்லுகின்றது. பேடண்ட் கொடுத்து 3 வருஷமான பிறகும் ஜனங்களுக்குச் சரியான விலையில் கிடைக்கவில்லையென்றால், வேறொருவருக்குச் செய்யும் உரிமையைச் சர்க்கார் கொடுக்கலாம் என்று 84ஆவது பிரிவு சொல்லுகின்றது. 2012 மார்ச்சில் அப்படியே நடந்தது. புற்றுநோய்க்கான ஒரு மருந்தைப் பேயர் என்ற ஜெர்மன் கம்பெனி மாதம் ஏறக்குறைய 2,80,000 ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்கு உரிமை கொடுத்து 8,880 ரூபாய்க்கு விற்கச் செய்தார்கள். இது மனிதன் போட்ட வேலி. ஆகையால் மனிதன் திருத்தலாம். 20 வருஷத்தில் தானே விழுந்தும் போகும். ஆனால் பிறப்பின் பெயரால் போட்ட வேலிக்கு என்ன கெடு? அதைத் திருத்த எந்தப் பிரிவில் மனு கொடுப்பது?

கடைசியாக நம் நாட்டு மனிதர்கள் இருவரைச் சொல்லி முடிக்கிறோம். கோயமுத்தூர் ஜில்லாவில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடப் படிப்பில் மூன்றாவது வகுப்பையே தாண்டாதவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து ஓட்டத் தொடங்கினார். பிறகு மின்சார ஷேவிங் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று எத்தனையோ செய்தார். 1952இல் 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகும் கார் செய்து காட்டினார். அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்யச் சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கவில்லை. பெரியாருடைய நண்பராயிருந்த இவர், கையும் மூளையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்கண்ட சாட்சி. 1974இல் இறந்தார்.

அதே கோயமுத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பட்டறைத் தொழிலாளி. மாதவிலக்குக் காலத்தில் தன் மனைவி கந்தல் துணியை மறைத்து மறைத்து உபயோகப்படுத்துவதைப் பார்த்து, குறைந்த செலவில் சுத்தமான பஞ்சு அணையாடை செய்யும் இயந்திரத்தை வருஷக்கணக்காய்ப் பாடுபட்டுச் செய்தார், பேடண்டும் எடுத்தார். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். "தீட்டு" என்ற ஒரே வார்த்தையால் எத்தனையோ நூற்றாண்டாக வாயடைக்கப்பட்டிருந்த விஷயத்தில் அவர் "எப்படி" என்று கேட்டார். அந்த இயந்திரத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிடாமல் கிராமத்துப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கே கொடுத்துவந்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். பட்டத்தை விட நமக்குப் பெரியது, வேலை செய்கிற பெண்ணே இயந்திரத்துக்குச் சொந்தக்காரியானதுதான். நடவு இயந்திரத்தைப் பற்றி நாம் மேலே சொன்னது கனவல்ல என்பதற்கு இதுவே ருசு.

ஆகவே தோழர்களே! நாம் சொல்லுவது பெரிய காரியமல்ல. உங்கள் ஊரில் ஒருவன் அற்புதம் என்று சொல்லிக்கொண்டு வந்தால் அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள். "எப்படி என்று எழுதிக் கொடு, நாங்களும் செய்து பார்க்கிறோம்" என்று மாத்திரம் கேளுங்கள். அவன் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவான். உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ களை எடுக்கவோ, மடை அடைக்கவோ, அம்மி அரைக்கவோ ஒரு சின்ன யுக்தி செய்தால், திருஷ்டி கழிக்காதீர்கள். தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். உரிமை வேண்டுமானால் ஊரெல்லாம் சொல்லுவதற்கு முன்பே விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். முதலில் பிரசுரமாகிவிட்டால் உரிமை போய்விடும். தனி மனிதருக்குக் கட்டணமும் பெரிய கம்பெனிகளுக்கு உள்ளதைவிடக் குறைவு. உரிமை வேண்டாமென்றால் ஊர் வாசகசாலையில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு அதில் எழுதி வையுங்கள். யாரும் பார்த்துச் செய்துகொள்ளட்டும். மூடி வைப்பது மட்டும் வேண்டாம்.

கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கல்லை இழுத்த கதையை நாம் நெடுங்காலமாகக் கேட்டுவிட்டோம். கல் நிமிர்ந்ததோ இல்லையோ, கழுத்துக் கயிறு மட்டும் நம் மக்கள் கழுத்திலேயே நின்றுவிட்டது. அதை அவிழ்க்க யானையும் வேண்டாம், நாயனாரும் வேண்டாம். எப்படி என்று ஒரு கேள்வி போதும்.